நாற்பத்தொரு கவிதைகள், பதினேழு மெழுகுவர்த்திகள்

கவிதைகளை ஒப்பிடும் தொழிலில் இறங்கியவனுக்கு முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிடும்: கவிதையில் எல்லாருக்கும் ஒரே அம்மாதான்.

நீங்களும் ஒரு காலத்தில் பரீட்சை மண்டபத்தில், 'இவ்விரு கவிதைகளுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை எழுதுக' என்ற கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, மேலே சுற்றும் காற்றாடியை வேடிக்கை பார்த்தவராக இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் இரண்டு கவிதையோடு தப்பித்துவிட்டீர்கள். எனக்குக் கிடைத்தது நாற்பத்தொன்று.

வேலை கிடைத்த கதை

என் பெயர் யுவன். மலேசியாவில், கோல சிலாங்கூரில், ஓர் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஐந்து, அதாவது கடைசி வகுப்பு. எனக்குத் தெரிந்த ஒரே கைத்தொழில் அடுத்தவர் குரலில் பேசுவது. கேண்டீன் அக்கா, பள்ளி பஸ் டிரைவர், கோயில் மைக்கைப் பிடித்தால் விடாத செயலாளர், யாராக இருந்தாலும் இரண்டு தடவை கேட்டால் போதும். மூன்றாவது தடவைக்கு அவர் தேவையில்லை.

ஒரு புதன்கிழமை, பள்ளியின் ஒலிபெருக்கி அறை திறந்து கிடந்தது. அது என் தப்பில்லை. உள்ளே போய், எங்கள் கட்டொழுங்கு ஆசிரியரின் குரலில், அவருடைய அந்தத் தொண்டைச் செருமல் உட்பட, படிவம் ஐந்து மாணவர்கள் எல்லாரும் உடனே கேண்டீனுக்குப் போகலாம் என்று அறிவித்தேன். எல்லாரும் போனார்கள். கட்டொழுங்கு ஆசிரியரும் போனார். தானே சொல்லிவிட்டு மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தாராம். பாதி மீ கோரெங்கைச் சாப்பிட்ட பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

தண்டனையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, தமிழ்மொழிக் கழகத்தின் கமலா டீச்சர் என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பள்ளியில் குடும்ப தினம் வருகிறது, அதற்குக் கவிதைப் போட்டி, முதல் பரிசுக் கவிதையை அன்றைக்கு மேடையில் படிப்பார்கள். தலைப்பு 'குடும்ப உறவும் குழந்தைப் பருவமும்'. வந்த கவிதைகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, ஒற்றுமை வேற்றுமை அட்டவணை போட்டு, மதிப்பெண் எழுதித் தர வேண்டும். முடிவு டீச்சருடையது, முதுகு வலி என்னுடையது. இதில் எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். ஆண்டிறுதியில் படிவம் ஐந்துக்குப் பிரியாவிடை விருந்து நடக்கும். அதில் எல்லா ஆசிரியர்களையும் பேசிக் காட்டப் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி ஒன்றைப் படிவம் இரண்டிலிருந்து சேர்த்து வைத்திருக்கிறேன். டீச்சருக்கு அது தெரியும். அவர் பேசினால் ஒவ்வொரு வாக்கியமும் மேசை இழுப்பறையைச் சாத்துவது மாதிரி முடியும். அப்படித்தான் சொன்னார்: "குடும்ப தினம் முடியிற வரைக்கும் யார் குரலும் உன் வாயில வரக்கூடாது. வந்தா, பிரியாவிடைல உனக்கு மைக் இல்ல."

பதினேழு மெழுகுவர்த்திகள்

நாற்பத்தொரு கவிதைகளில் இருபத்தாறு அம்மாவைப் பற்றியவை. அதில் பதினேழு அம்மாக்கள் மெழுகுவர்த்தி. நான்கு பேர் சந்தனக்கட்டை. மூன்று பேர் ஏணி. மீதி இரண்டு பேர் மெழுகுவர்த்தியாக ஆரம்பித்து, சந்தனமாகத் தேய்ந்து, கடைசியில் ஏணியாக நின்றார்கள். டீச்சர் கொடுத்த அட்டவணையில் உவமைக்கு ஐந்து, சந்தத்துக்கு ஐந்து, கருத்துக்கு ஐந்து, கையெழுத்துக்கு ஐந்து. நான் என்ன எழுதுவது? ஒற்றுமை: இரு அம்மாக்களும் உருகுகிறார்கள். வேற்றுமை: ஒருவர் நீலப் பேனாவில் உருகுகிறார், மற்றவர் கறுப்புப் பேனாவில்.

அந்தப் பதினேழில் ஒன்று, படிவம் இரண்டில் படிக்கும் தர்வினுடையது. அவனுடைய அம்மாவை எனக்குத் தெரியும். சுங்கை புரோங்கில் ஒரு நெல் ஆலையில் கணக்கு எழுதும் கிராணி. அவர் உருகி நான் பார்த்ததில்லை. போன வருஷம் அறிக்கை அட்டை கொடுக்கிற அன்றைக்கு, எதிரில் உட்கார்ந்திருந்த ஆசிரியர்தான் கொஞ்சம் உருகினார். ஒரு சந்தேகத்துக்குத் தர்வினையே கூப்பிட்டு, உங்கம்மா எந்த வகையில் மெழுகுவர்த்தி என்று விசாரித்தேன். அவன் நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னான்: "எங்கம்மா வீட்டுல மெழுகுவர்த்தி ஏத்தவே விடமாட்டாங்கண்ணே. கர்ட்டன்ல புடிச்சிக்கும்னு, கரண்டு போனாலும் போன் லைட்டுதான்."

பார்க்காத மரத்தில் வெட்டிய பால்

மெழுகுவர்த்திக்கு அடுத்தபடியாக அதிகம் வந்தது பால்மரம். விடியற்காலைப் பனி, நெற்றி விளக்கு, உளி, வாளி, காலைக் கடிக்கும் அட்டை, வெட்டும்போதே அழும் அம்மா. அதே இருபத்தாறில் எட்டு அம்மாக்கள், உருகியும் தேய்ந்தும் போதாமல், வரிசையாகப் பாலும் வெட்டினார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் எங்கே திரும்பினாலும் எண்ணெய் எடுக்கிற செம்பனைதான். ரப்பர் மரத்தைச் சாய்த்து இரண்டு தலைமுறை ஆகிறது. நாங்கள் பால்மரத்தைப் பார்த்த ஒரே இடம் பாடப்புத்தகத்தின் ஓரத்தில் இருக்கும் படம்.

இந்த எட்டில் நல்ல கையெழுத்து கிஷனுடையது. வீடு ஈஜோக் பக்கம், தோட்டம்கூட இல்லை, தாமான் குடியிருப்பு. அவனுடைய அம்மா ரவாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். கம்பெனி வேன் வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போகும். உள்ளே ஏர்கோன், அதனால் எப்போதும் குளிர்சட்டை போட்டிருப்பார். அட்டை கடிக்க வேண்டும் என்றால் அதுவும் பாஸ் காட்டித்தான் உள்ளே வர வேண்டும். ஏன்டா இப்படி எழுதினாய், உங்கம்மா செய்கிற வேலையையே எழுதியிருக்கலாமே என்று கேட்டேன். அவனுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. "கிளவ்வும் ரப்பர்லதான் செய்யுறாங்க. எல்லாம் ஒரே பால்தானே லா."

தொலைந்த பிள்ளைப் பருவம்

பிள்ளைப் பருவத்தைப் பற்றி ஒன்பது கவிதைகள். ஏழில் காகிதக் கப்பல். பாசிர் பெனம்பாங் மீன்பிடித் துறையில்கூட அத்தனை கப்பலை ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. மழை வரும், கப்பல் விடுவோம், கப்பல் முழுகும், அதோடு பிள்ளைப் பருவமும் முழுகிவிடும். இதில் மிகவும் மனமுடைந்து எழுதியிருந்தவள் படிவம் ஒன்று மாணவி, வயது பதின்மூன்று. 'மீண்டும் வாராயோ மழலையே' என்று தலைப்பு. தலைப்பைச் சுற்றிப் பென்சிலில் கண்ணீர்த் துளிகள்.

தங்கச்சி, உன் பிள்ளைப் பருவம் சரியாக எப்போது முடிந்தது என்று கேட்டேன். அட்டவணையில் கருத்துக்கு மதிப்பெண் போட வேண்டுமே. அவள் பெருமூச்சு விட்டாள். ஐம்பது வயது ஆள்கூட அப்படி விடமாட்டார். "போன வருஷம் ஆறாம் வகுப்பு முடிஞ்சதோட சரிண்ணா. இப்பல்லாம் ஹோம்வர்க் வந்துருச்சு."

தாயைப் பற்றித் தாய்

'என்னைச் சுமந்தவளே' என்ற கவிதை படிவம் ஒன்று ருத்ரேஷ் பெயரில் வந்தது. முதல் பத்தியில் மகன் அம்மாவைப் பார்த்து உருகுகிறான். இரண்டாவது பத்தியில் அம்மாவின் முதுகுவலி, எந்த எலும்பில் வலிக்கிறது என்பது வரை வருகிறது. மூன்றாவது பத்தியில் ஆளே மாறிவிட்டது: 'நீ கழற்றிப் போடும் காலுறையை எடுப்பவர் யாரென்று என்றாவது எண்ணினாயா?' மகன் அம்மாவைப் பார்த்து இப்படிக் கேட்க நியாயமில்லை. கையெழுத்தும் சீராக, கூட்டெழுத்தாக, கடைக் கணக்குப் புத்தகத்தில் இருப்பது மாதிரி இருந்தது.

ருத்ரேஷ் ஒன்றும் தெரியாதவன் போல் பென்சில் பெட்டியைத் திறந்து மூடினான். பள்ளி விட்டதும் அவனை ஏற்ற மோட்டாரில் அம்மா வந்தார். பாசிர் பெனம்பாங்கில் கருவாடும் கெரொப்போக் அப்பளமும் விற்கிற கடையில் வேலை. தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் நான் கேட்டதை முழுசாகக் கேட்டுக்கொண்டார். மறுக்கவில்லை. "பதிமூணு வருஷமா பார்க்குறேன் தம்பி. இவன் எழுதுவான்னு காத்திருந்தா, நான் போய்ச் சேர்ந்துருவேன்."

குரல் சோதனை

இருபது கவிதைகளைத் தாண்டியதும் எனக்கு எந்த வரியும் கண்ணில் நிற்கவில்லை. எல்லாம் ஒன்று போல் இருந்தால் எதைக் கொண்டு ஒப்பிடுவது? அப்போதுதான் என் தொழில் ரகசியத்தைக் கண்டுபிடித்தேன். அப்பாவைப் பற்றிய கவிதை என்றால், அந்த அப்பாவின் குரலிலேயே படித்துப் பார்ப்பது. கவிதை தாங்கினால் உண்மை. நடுவில் சிரிப்பு வந்தால் பொய். ஆனால் எனக்குத் தடை இருக்கிறதே. அதனால் மோட்டார் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால், ஒரே ஒரு சாட்சியோடு, மெல்லிய குரலில் சோதனை நடத்தினேன். சாட்சி என் கூட்டாளி லோகேஸ். போட்டிக்குக் கவிதை கொடுத்தவர்களில் அவனும் ஒருவன்.

லோகேஸின் அப்பா புக்கிட் ரோத்தான் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். சமையலறையில் நின்று உப்பு கேட்டாலும், நாற்பது மரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரிதான் கேட்பார். லோகேஸ் எழுதியிருந்தது இப்படி: 'தந்தையே, நீர் என் ஆகாயம், நிழல் தரும் ஆலமரம், பேசாத மௌனக் கடல்.' இதை அவன் அப்பா குரலில் படித்தேன். ஆகாயம் வரை சமாளித்தேன். மௌனக் கடல் என்று அந்தக் குரல் கத்தியபோது, மெல்லியதாகத்தான் கத்தினேன், கொட்டகைக்குள் கூடு கட்டியிருந்த மைனா பறந்து ஓடிவிட்டது. லோகேஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். மூச்சு வந்ததும் ஒப்புக்கொண்டான்: "எங்கப்பா மௌனமா இருந்த ஒரே நாளு, பல்லு புடுங்குன அன்னைக்குத்தான்டா."

மூன்று மதிப்பெண்

அப்பா கவிதைகள் மொத்தம் ஆறு. ஐந்து இப்படித்தான் விழுந்தன. ஆறாவது, படிவம் நான்கு ஷர்வினி எழுதியது. அவளுடைய அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். தோட்டத்திலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து தோட்டத்துக்கு. டீசலை மிச்சம் பிடிக்கிற மாதிரிதான் பேசுவார். ஒட்டுக்கடையில் பால் இல்லாத தேநீருக்கு அவர் 'தே ஓ' என்று சொல்வதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஷர்வினியின் கவிதை பதினொரு வரி:

அப்பா போன் செய்வார்.
சாப்பிட்டியா என்பார்.
சாப்பிட்டேன் என்பேன்.
என்னா சாப்பிட்ட என்பார்.
சோறு என்பேன்.
சரி என்பார். வைத்துவிடுவார்.
தினமும் இதே.
ஒருநாள் எனக்குக் காய்ச்சல்.
சாப்பிடல என்றேன்.
அப்பா ஒன்றும் சொல்லவில்லை.
லோரி நிற்கிற சத்தம் கேட்டது.

அட்டவணைப்படி போட்டேன். உவமை: சைபர். சந்தம்: சைபர். கருத்து: ஒன்று. கையெழுத்து: இரண்டு. இருபதுக்கு மூன்று. பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய் அவளுடைய அப்பா குரலில் படித்தேன். லோகேஸ் கையில் ஐஸ்கிரீம் இருந்தது. முடிக்கும்போது அது அவன் சப்பாத்தில் சொட்டிக்கொண்டிருந்தது, அவன் பார்க்கவில்லை. சிரிப்பு வருமா என்று நான் காத்திருந்தேன். வரவில்லை.

மறுநாள் ஷர்வினியே என்னைத் தேடி வந்தாள். கவிதையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். பக்கத்தை நிரப்ப ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டாளாம். குடும்ப தினத்துக்கு அப்பா வருகிறாராம், அதுவும் அரைநாள் லீவு போட்டுவிட்டு. தினமும் பள்ளி விட்டு அவள் வீடு போய்ச் சேர்ந்ததும் அந்த போன் வரும். ஒரு நாளும் தப்பியதில்லை. அவள் என்னைப் பார்க்காமல் கேண்டீன் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "இதை மேடையில படிச்சிங்கன்னா அப்பாவுக்கு வெக்கமாயிரும். அப்புறம் போன் அடிக்கிறதையே நிறுத்திருவாரு."

ஆசிரியர் அறையில் நடந்தது

டீச்சர் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார். முதல் பரிசு லோகேஸின் ஆகாயத்துக்கு. இருபதுக்குப் பத்தொன்பது, எழுத்துப்பிழைக்கு ஒன்று குறைவு. ஷர்வினியின் தாள் அடுக்கில் கடைசி, அதுவும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு அட்டவணையை மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தால், மைக் என் பையில். நான் அங்கேயே நின்றேன். டீச்சர், இதை ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கலாமா என்று கேட்டேன். அவர் தலையசைத்ததும், லோகேஸின் கவிதையை அவன் அப்பா குரலில் ஆரம்பித்துவிட்டேன்.

மௌனக் கடலில் மூன்று ஆசிரியர்கள் சிரித்தார்கள். கணித ஆசிரியர் குடித்த தண்ணீர் விடைத்தாளில் விழுந்தது. டீச்சர் உதட்டை இறுக்கி வைத்திருந்தார். காது மட்டும் சிவந்தது. நிறுத்தாமல் அடுத்த தாளை எடுத்து, ஷர்வினியின் அப்பா குரலில் பதினொரு வரியையும் படித்தேன். லோரி நின்றது. டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார், மூடினார், திரும்பத் திறந்தார். என் அட்டவணையைப் பார்த்துவிட்டு, இது நான் போட்ட கட்டம்தானே என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். பிறகு ஷர்வினியைக் கூப்பிட்டு, முதல் பரிசு அவளுக்குத்தான், மேடையில் படிக்கலாமா என்று கேட்டார். அவள் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பெயர் சொல்லக்கூடாது, அப்பா குரலில் படிக்கக்கூடாது, அப்படியென்றால் சரி என்றாள். லோகேஸிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். ஆகாயம் போனால் போகட்டும், அப்பாவுக்கு முன்னால் அதைப் படித்தால் தனக்கே சிரிப்பு வந்துவிடும் என்றான். டீச்சர்தான் கடைசியில் இழுப்பறையைச் சாத்தினார்: "தடையை மீறிட்ட. மைக்கைப் பத்தி சனிக்கிழமை பேசுவோம். மேடையில இதை நீயே படிக்கிற, உன் குரல்ல."

சனிக்கிழமை காலை

என் குரலில் என்றால் சும்மாவா? மற்றவர்கள் குரலெல்லாம் எனக்கு மனப்பாடம்; என்னுடையதை நான் பழகியதே இல்லை. வெள்ளிக்கிழமை குளியலறையில் பேசிப் பார்த்தேன். கொஞ்சம் கீச்சென்று, யாரையும் போல் இல்லாமல் இருந்தது. சனிக்கிழமை, குடும்ப தினத்துக்கு, மண்டபம் நிறைந்துவிட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஐந்தே நிமிடம் என்று ஆரம்பித்து, தாய் ஒரு மெழுகுவர்த்தி என்பதை முப்பது நிமிடத்துக்கு எரியவிட்டார். அவருடைய குரல் என் தொண்டை வரை வந்தது. விழுங்கினேன்.

ஷர்வினியின் அப்பா கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷர்வினி முன்வரிசையில் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தாள். சப்பாத்து கட்டியேதான் இருந்தது. நான் படிக்க ஆரம்பித்தேன். 'சாப்பிட்டியா என்பார்' என்ற இடத்தில் என் வகுப்புப் பையன்கள் முன்னால் சாய்ந்தார்கள். இந்த இடத்தில் யுவன் குரலை மாற்றுவான் என்று அவர்களுக்குத் தெரியும். மாற்றவில்லை. ஏமாற்றத்தோடு பின்னால் சாய்ந்தார்கள். கடைசி வரியைக் கீச்சுக் குரலில்தான் படித்தேன். கைத்தட்டல் கொஞ்சம் தாமதமாக வந்தது. கடைசி வரிசையில் அந்த ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

டீச்சர் கீழே வந்து என் தோளைத் தட்டி, பன்னிரண்டு நிமிடம் உனக்குத்தான், ஆனால் என்னைப் பற்றி இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்றார். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் விருந்தில் போட்ட மீஹூன், அந்த அரிசிச் சேமியா, தட்டிலேயே இருந்தது. ஷர்வினி மண்டபத்தின் அந்தக் கோடியில் தட்டைப் பிடித்துக்கொண்டு, சாப்பிடாமல், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்த் தேடினேன். அவளுடைய அப்பா வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். போனை எடுத்தார். பார்த்தார். பையில் போட்டார். திரும்ப எடுத்தார். உள்ளே ஷர்வினியின் போன் அடித்தது. இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு சுவர்தான், ஒரு நிமிடம் நடந்தால் நேரிலேயே கேட்டிருக்கலாம். என் காதைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். சாப்பிட்டியா என்றார். என்னா சாப்பிட்ட என்றார். அந்தப் பக்கம் மீஹூன் என்று பதில் வந்திருக்க வேண்டும். அடுத்தது 'சரி'தான் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், ஷர்வினிக்கும் தெரியும். அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடியே கேட்டார்: "உறைப்பு ஜாஸ்தியா?"

ஆக, நாற்பத்தொரு கவிதைகளை ஒப்பிட்டவன் என்ற தகுதியில் சொல்கிறேன், மெழுகுவர்த்திக்கு ஐந்து மதிப்பெண் உண்டு, மீஹூன் உறைக்கிறதா என்று கேட்பதற்கு மட்டும் அட்டவணையில் இன்னும் யாரும் கட்டம் போடவில்லை.